மூன்றாவது பதில்

அந்த நகைச்சுவையாளருக்கு ரசிகர்கள் வைத்த பெயர் கொட்டாவி. மேடைக்கு வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து வாய் நிறையக் கொட்டாவி விடுவார். அதைப் பார்த்து முன்வரிசை கொட்டாவி விடும், பிறகு பின்வரிசை. பாதி மண்டபம் அதற்கே சிரித்துவிடும். மீதிப் பாதி, இதற்கா மெனக்கெட்டு வந்தோம் என்று நெளியும். ஜோக் என்று அவர் எதுவும் சொல்வதில்லை. கூட்டத்திலிருந்து ஒருவரை அழைத்து எதிரே உட்காரவைத்து, சாதாரணக் கேள்விகளாகக் கேட்டுக்கொண்டே இருப்பார். வந்தவர் திணறுவதில்தான் சிரிப்பு. சில நாள் ஒரு சிரிப்புகூட வராது. தீவிர ரசிகர்கள் அந்த நாட்களைத்தான் ஆகச் சிறந்தவை என்பார்கள்.

பல்லு அப்படிப்பட்ட ரசிகன். பொய்ப்பல் செய்யும் கூடத்தில் வேலை என்பதால் வந்த பட்டப்பெயர் அது. நாள் முழுக்க மெழுகில் ஈறு செதுக்கிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் கைப்பேசியில் கொட்டாவி ரசிகர் குழுவைக் கவனிப்பான். நான்காயிரம் பேர் இருந்த அந்தக் குழுவை நடத்திய மூவரில் அவன் ஒருவன்.

அக்காவையும் மாமாவையும் ஒருமுறையாவது அழைத்துப் போக வேண்டும் என்று அவனுக்கு நீண்ட நாள் ஆசை. அக்கா, சீருடை தைக்கும் கம்பெனியில் காஜா எடுப்பவள். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் மோட்டாரின் மேல் ஸ்க்ரூடிரைவரின் முனையை வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக் கண்ணை மூடினாரென்றால், எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவார். வீட்டில் மட்டும் இரண்டு தடவை கூப்பிட்டால்தான் திரும்புவார். "உடம்பு இங்க, நினைப்பெல்லாம் லிஃப்ட்ல" என்று அக்கா கேலி செய்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக் காட்சிக்கு மூவரும் போனார்கள். கொட்டாவி மேடை விளிம்புக்கு வந்து குனிந்து, நான்காம் வரிசையில் இருந்த மாமாவைக் கை நீட்டிக் கூப்பிட்டார்.

"என் மூஞ்சியிலிருந்து கண்ணை எடுக்காத ஒரே ஆளு நீங்கதான். வாங்க."

பல்லுவுக்குத் தலைகால் புரியவில்லை. "போங்க மாமா, போங்க" என்று முதுகில் கைவைத்துத் தள்ளினான்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"லிஃப்ட் மெக்கானிக்."

"எத்தனை வருஷமா?"

"இருபத்திரெண்டு."

அதற்குப் பிறகு கொட்டாவி மைக்கை எடுத்து உதடு மறைகிற மாதிரி வாயருகே வைத்துக்கொண்டார்.

"மேல ஏறும்போது பயமா இருக்காதா?"

மாமா ஒரு கணம் தயங்கினார். "ஆறு பேர். அதுக்கு மேல ஏறினா நின்னுடும்."

மண்டபம் சிரித்தது. கொட்டாவி தலையைச் சாய்த்து அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மனைவி வந்திருக்காங்களா?"

"பழசுதான். ஆனா மோட்டார் நல்ல கண்டிஷன்ல இருக்கு."

சிரிப்பு அலையாக எழுந்தது. பல்லு தொடையைத் தட்டிச் சிரித்தான். எங்க மாமா, எங்க மாமா என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் சொன்னான்.

"அவங்களை எப்படிப் பாத்துக்கறீங்க?"

"வருஷத்துக்கு ரெண்டு தடவை எண்ணெய் விட்டா போதும். சத்தமே வராது."

விசிலடித்தார்கள். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். மாமா கூட்டத்தைப் பார்த்து வெட்கத்துடன் சிரித்தார். கொட்டாவி குரலைத் தாழ்த்தினார்.

"கடைசியா எப்ப அழுதீங்க?"

"போன செவ்வாய்க்கிழமை. ஆஸ்பத்திரியில."

பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் சட்டென்று அடங்கிப்போனார்கள். அக்கா தம்பியின் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் நகம் பதிந்தது.

"டேய், அவருக்குக் காது கேக்கலைடா."

பல்லுவின் வாய் அப்போதும் சிரித்துக்கொண்டிருந்தது. அதை மூட அவனுக்குச் சற்று நேரம் ஆயிற்று.

திரும்பும்போது பஸ்ஸில் மாமா உற்சாகமாக இருந்தார். "எல்லாரும் நல்லா சிரிச்சாங்க இல்ல? நமக்கும் பேச வருதுடா" என்றார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டில் அவர் துண்டை மடித்துக்கொண்டிருந்தபோது, பின்னால் போய் நின்று, "கேஸ் கசியுதுங்க" என்றாள். அவர் அடுத்த துண்டை எடுத்து உதறினார். அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் குழுவில் அந்தக் காட்சி வந்திருந்தது. குழுவை நடத்திய இன்னொருவன் போட்டது. கொட்டாவியின் வாழ்நாள் சாதனை என்றார்கள் சிலர். அந்த ஆள் நடிகர், எல்லாம் முன்னேற்பாடு என்றார்கள் சிலர். மனைவியை மெஷினோடு ஒப்பிட்டது அசிங்கம், இனி கொட்டாவியின் நிகழ்ச்சிக்கே போகமாட்டோம் என்றார்கள் வேறு சிலர். ஒரு பெண் மட்டும், "என் அப்பாவுக்கும் இப்படித்தான். இது நடிப்பில்லை, இவருக்குக் காது கேட்கவில்லை. அது கொட்டாவிக்கும் தெரியும்" என்று எழுதியிருந்தாள். அவள் மேல் நூறு பேர் பாய்ந்தார்கள். வந்துட்டாங்க அழுமூஞ்சி என்றார்கள்.

பல்லு எதுவும் எழுதவில்லை. மூன்று நாள் கழித்துத்தான், அது என் மாமா, எடுத்துவிடு என்று கேட்டான். "முன்னாடியே சொல்லக் கூடாதா? இப்ப ஊரே பாத்தாச்சு" என்றான் மற்றவன். எடுக்கத்தான் எடுத்தான். ஆனால் அதற்குள் மாமாவின் சூப்பர்வைசரும் பார்த்துவிட்டார். பார்த்துச் சிரித்துவிட்டு, பிறகு யோசித்திருக்கிறார். லிஃப்ட் குழிக்குள் நிற்கிற ஆளுக்கு, மேலேயிருந்து கத்தினால் கேட்க வேண்டாமா? காது பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார்.

அன்று மாலை பல்லு அக்கா வீட்டுக்குப் போனான். மாமா பெட்டிமேல் கைப்பேசியை வைத்து, சூப்பர்வைசர் அனுப்பியிருந்த அந்தக் காட்சியை ஒலியில்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு நோட்டையும் பேனாவையும் அவன் பக்கம் தள்ளினார்.

"அவர் என்ன கேட்டார்னு வரிசையா எழுது."

"வேணாம் மாமா."

"எழுதுடா."

பல்லு எழுதினான். மாமா ஒவ்வொரு கேள்வியாக விரல் வைத்துப் படித்தார். மூன்றாவதில் உதட்டைக் கடித்தார். மனைவியைப் பற்றிய இரண்டையும் படித்துவிட்டுச் சமையலறைப் பக்கம் பார்த்தார். கடைசிக் கேள்வியை இரண்டு தடவை படித்தார்.

"கடைசியா எப்ப, எங்க லிஃப்ட் ரிப்பேர் பண்ணீங்கன்னு கேக்கறார்னு நினைச்சேன்" என்றார். "ஆனா இந்தப் பதில் தப்பில்லை. அன்னைக்கு ஆஸ்பத்திரி லிஃப்டை முடிச்சுட்டு அங்கயே காது டாக்டரைப் பாத்தேன். இனிமே திரும்ப வராதுன்னு சீட்டுல எழுதிக் காட்டினாரு. மறுபடி மொட்டைமாடி மெஷின் ரூமுக்கு ஏறிப் போய் உக்காந்துக்கிட்டேன். அங்க யாரும் வரமாட்டாங்க."

"ஏன் மாமா எங்ககிட்ட சொல்லலை?"

அவன் உதட்டை அவர் கவனிக்கவில்லை. நோட்டை மூடி அவனிடமே கொடுத்தார்.

அடுத்த வாரம் பல்லு கொட்டாவியைத் தேடிப் போனான். மதியக் காட்சிக்கு முன்னால் மண்டபத்தின் பின்பக்க அறையில், சட்டையைக் கழற்றிவிட்டு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மேடையில் தெரிவதைவிடக் குள்ளம்.

"அவருக்குக் காது கேக்கலைன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மூணாவது பதில்ல."

"அப்புறம் ஏன் நிறுத்தலை?"

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "நிறுத்தியிருந்தா, இவர் செவிடுன்னு ஐந்நூறு பேருக்கு முன்னாடி நான் அறிவிச்ச மாதிரி ஆயிருக்கும். ஓட்டினா, தமாஷான மனுஷன்னு கைதட்டு வாங்கிட்டு இறங்குவார். அப்படித்தான் எனக்குள்ள சொல்லிக்கிட்டேன்." சட்டையைத் திருப்பிப் போட்டார். "சிரிப்பும் நல்லா வந்துட்டிருந்துச்சு. அதையும் சொல்லணும்."

"மைக்கையாவது இறக்கியிருக்கலாம்."

"இறக்கியிருக்கலாம்." பிறகு அவரே கேட்டார். "நீங்க கூட இருந்தவர்தானே? உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

பல்லு வெளியே வந்துவிட்டான். வாசலில் அடுத்த காட்சிக்கு வரிசை தெருமுனை வரை நின்றது.

குழு இரண்டாகப் பிரிந்தது. இரண்டிலிருந்தும் பல்லு விலகினான். மாமாவை உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றினார்கள். கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்து, சீட்டில் எழுதியதைப் பார்த்து போல்ட்டும் பட்டையும் எடுத்துக் கொடுக்கிற வேலை. காதுக்குக் கருவி பொருத்தினார்கள். "சத்தம் வருது, பேச்சு வரலை" என்று அதைக் கழற்றி மேசை இழுப்பறையில் வைத்துவிட்டார். ஸ்க்ரூடிரைவர் பையை வேறொரு மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டார்.

அக்கா தம்பியிடம் சண்டை போடவில்லை. "நீயும்தானே சிரிச்ச" என்று ஒரே ஒருமுறை சொன்னாள். அதற்குப் பிறகு அவன் போனால் கதவைத் திறப்பாள், டீ கொடுப்பாள், தைக்க உட்கார்ந்துவிடுவாள்.

சில மாதம் கழித்துப் பெரியம்மா வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். பெரியம்மா மகன் தன் மேனேஜரைப் போலப் பேசிக்காட்ட, பந்தியே சிரித்தது. மாமா இலேசாகத் தலை தூக்கி, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு அவர் சிரித்தார், சத்தமாக, தனியாக. அக்கா அவர் முழங்காலில் கைவைத்தாள். அவர் நிறுத்திக்கொண்டார். பெரியம்மா குழம்பு வேண்டுமா என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டு வந்தாள். பல்லு நிமிரவில்லை, போதும் என்று கையால் தட்டை மறைத்தான்.