ஆணியில் மாட்டிய கோட்டு

பச்சைத் துணி விரித்த மேசையில் எண் வில்லைகள் போட்ட பை இருந்தது. கையை விட்டு ஒன்றை எடுத்தேன். பதினான்கு. என் பட்டியலிலிருந்த இருபது புத்தகங்களில் எனக்குச் சுத்தமாகப் புரியாதது அதுதான். என் ராசி அப்படி.

பள்ளி இறுதித் தேர்வின் வாய்மொழிப் பகுதி அன்று. தேறினால் ஓலமௌட்ஸ் நகரில் நர்சிங் படிப்பு. தேறாவிட்டால் செப்டம்பரில் மறுபடி வரவேண்டும், அதற்குள் கல்லூரி இடம் வேறு யாருக்காவது போய்விடும். கடைசி மதிப்பெண்ணில் தேறினால்கூட எனக்குப் போதும்.

பதினான்காவது புத்தகத்தின் கதை இதுதான். ஒரு குமாஸ்தா வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறான். அவனுடைய கோட்டு ஏற்கெனவே ஆணியில் தொங்குகிறது. மனைவி கோட்டிடம் பேசுகிறாள், பிள்ளைகள் கோட்டுக்கு முத்தம் கொடுக்கிறார்கள். இவன் கதவோரம் நிற்கிறான், நின்றுகொண்டே இருக்கிறான். மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் எழுதியவர் மேல் கோபம்தான் வந்தது.

தேர்வாளர்களுக்குச் சாப்பாடு கொடுப்பது எங்கள் வீடுகளின் பொறுப்பு. அம்மா விடியற்காலையில் எழுந்து ரொட்டித் துண்டுகளின் மேல் உருளைக்கிழங்கு சாலட்டும் ஹாமும் முட்டையும் அடுக்கி அனுப்பியிருந்தாள். அந்தத் தட்டு என் முகத்துக்கு நேரே இருந்தது. பயத்தில் நான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

எங்கள் இலக்கிய ஆசிரியை ஷிமாச்கோவா ஆரம்பித்தார். "சொல்லு வெண்டுலா, அந்தக் கோட்டு எதோட குறியீடு?"

"மரணம், டீச்சர்." வகுப்பில் அவர் சொல்லிக்கொடுத்தது அது.

வேறு பள்ளியிலிருந்து வந்திருந்த தேர்வுக் குழுத் தலைவர் புரோகெஷ், கடித்த ரொட்டியைக் கீழே வைத்தார். "மரணமா? யாரும்மா உனக்குச் சொன்னது?"

"நாந்தான் சொன்னேன்" என்றார் டீச்சர்.

"மேடம், அது அரசாங்கம். ஆளு வேணாம், உடுப்பு போதும்னு நெனைக்கிற அரசாங்கம். சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்."

"எங்க ஊருச் சின்னப் புள்ளைங்க அவ்வளவு கெட்டிக்காரங்க இல்ல, சார்."

நான் இருவரையும் சமாதானப்படுத்த நினைத்தேன். "அரசாங்கமாவும் இருக்கலாம்" என்றேன். டீச்சர் முறைத்தார். "மரணமாவும்" என்றேன். தலைவர் முறைத்தார். அதன்பின் என்னை யாரும் பார்க்கவேயில்லை. தலைவர் அந்நியமாதல் என்றார், டீச்சர் அப்படியில்லை, சுயத்தை இழப்பது என்றார். குரல் ஏறியது. பரீட்சை எனக்கா இவர்களுக்கா?

"அந்த ஆளுக்கு யாரும் சூப் ஊத்தல" என்றேன். அது என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

தலைவர் தட்டை எடுத்து என் மூக்குக்கு முன்னால் நீட்டி டீச்சரிடம் கொடுத்தார். "எடுத்துக்கங்க மேடம், ஹாம் நல்லாருக்கு. ஆனா மரணம்னா ஆணி எதுக்கு?" அவர்கள் ஆணிக்குப் போனார்கள். மணி அடித்தது. என் நேரம் முடிந்தது.

செப்டம்பர்தான் என்று முடிவு செய்துகொண்டு நடைவழியில் உட்கார்ந்திருந்தேன். மாலையில் எங்களை வரிசையாக நிற்கவைத்து முடிவுகளை வாசித்தார்கள். என் பெயருக்கு நேராக 'ஒன்று' என்றார் தலைவர். எங்களுக்கு அதுதான் உச்ச மதிப்பெண். என் கையைக் குலுக்கினார்.

"அந்நியமாதலை ரெண்டு பக்கமும் நின்னு அழகா விளக்குனியேம்மா. கேக்க சந்தோஷமா இருந்துச்சு."

பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது. டீச்சர் பெருமையாகத் தலையாட்டினார். நன்றி என்றேன். வேறு என்ன சொல்ல?

வாசலில் அம்மா பூங்கொத்தோடு நின்றாள். செய்தி ஏற்கெனவே அவளை எட்டியிருந்தது.

"ஒன்னு வாங்கிட்டியாமே. அப்படி என்னடி சொன்ன?"

"கதையில வர்ற ஆளுக்கு வீட்டுல யாரும் சூப் ஊத்தலன்னு சொன்னேன். அவ்வளவுதான்."

அம்மா அந்தப் புத்தகத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பூங்கொத்தைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அட பாவமே. வேலைய முடிச்சுட்டு வந்தவன் பசியோடயா நின்னான்?"

பள்ளி வாசலிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜெயித்த பெண் ஏன் அழுகிறாள் என்று எல்லோரும் பார்த்தார்கள். அம்மா பையைத் திறந்து, எனக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்த இரண்டு ரொட்டித் துண்டுகளை நீட்டினாள்.