ஐஸ் பெட்டியில் வானம்பாடிகள்

ஃபெசன்ட் என்ற காட்டுக்கோழியின் வேட்டை தொடங்கும் சனிக்கிழமை காலையில், ஹார்லன் க்ரீக் ஊரில் யாரும் நிரம்பிய ஐஸ் பெட்டியோடு பான்கேக் விருந்துக்கு வரமாட்டார்கள். பத்து மணிக்குத்தான் துப்பாக்கி வெடிக்கலாம். அதுவரை பெட்டி காலியாக வண்டியில் கிடக்கும். தெற்கு டகோட்டாவில் பிறந்து வளர்ந்த மாரிட் ஸ்க்யாருக்கு இது தெரியாததல்ல. ஆனாலும் அன்று கனத்த பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு முன்னாள் ராணுவத்தினர் மன்றத்தின் வாசலுக்கு வந்திருந்தாள். கேட்க வேண்டிய கேள்வியை ஒரு வாரமாகக் கண்ணாடி முன் நின்று ஒப்பித்தவளுக்கு, பெட்டியைப் பற்றி மட்டும் யோசிக்கத் தோன்றவில்லை.

பெட்டிக்குள் செத்த வானம்பாடிகள் இருந்தன. மஞ்சள் மார்பில் கறுப்புப் பட்டை போட்ட புல்வெளி வானம்பாடிகள். போன வாரம் நாயோடு நடக்கப் போனபோது, குளிர்காலக் கோதுமை விதைத்திருந்த ஒரு வயலின் மூலையில் அவை கிடந்தன. சுற்றிலும் இளஞ்சிவப்பு விதை சிந்தியிருந்தது. பூச்சிமருந்து பூசிய விதை என்று அடையாளம் தெரிவதற்காகக் கம்பெனி சேர்க்கும் சாயம் அது. பறவைகளை ரொட்டிப் பைகளில் போட்டு, வீட்டு ஃப்ரீசரில் மான் இறைச்சிக்கு அடியில் வைத்திருந்தாள்.

வாகன நிறுத்தத்தில் கேண்டிஸ் காத்திருந்தாள். பூச்சிமருந்துக்கு எதிராக மாநிலம் முழுக்கக் கையெழுத்து வாங்கித் திரியும் குழுவின் அமைப்பாளர். மூடியைத் திறந்து பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"மாரிட், உன்கிட்ட பெர்மிட் இருக்கா?"

"எதுக்கு? நான் சுடலையே. செத்துக் கிடந்ததைத்தானே எடுத்தேன்?"

"செத்துக் கிடந்தாலும்தான். இந்தப் பறவையோட ஒரு இறகை வெச்சிருந்தாக்கூட மத்திய சட்டப்படி குத்தம். பறவையைக் காப்பாத்தக் கிளம்புறவங்கதான் முதல்ல இதுல மாட்டுறாங்க. நானே ஒரு தடவை ஆந்தையோட மாட்டிக்கப் பாத்தேன்."

"இதை இப்ப வந்து சொல்றே."

"நீ இப்பத்தானே காட்டுறே! போட்டோதான் கொண்டு வருவேன்னு நினைச்சேன். பெட்டியை வண்டியில வெச்சுடு. கேள்வியை மட்டும் கேளு. ஆமா, எந்த வயல்னு இன்னும் நீ சொல்லவே இல்லையே?"

"தெரிஞ்சவங்க வயல்," என்றாள் மாரிட். பெட்டியை வண்டியில் வைக்கவில்லை. போன வசந்தத்தில் ஒரு போட்டோவை நீட்டியபோது நாடாளுமன்ற உறுப்பினர் பெர்ரிமன் அதைப் பார்க்காமலேயே சிரித்துத் திருப்பிக் கொடுத்தது அவளுக்கு மறக்கவில்லை.

கிளைட் பெர்ரிமன் அந்த மாநிலத்திலிருந்து வாஷிங்டனுக்குப் போன ஒரே பிரதிநிதி. மருந்து பூசிய விதைக்கு எந்த மாநிலமும் கட்டுப்பாடு வைக்கக் கூடாது என்று ஒரு மசோதா கொண்டுவந்திருந்தார். தேர்தலுக்கு மூன்று வாரம்கூட இல்லை. எதிர்த்து நிற்பவரோடு மேடையேற மறுத்துவிட்டார். ஆனால் வேட்டை தொடங்கும் காலையில் வேட்டைக்காரர்களின் ஆரஞ்சுத் தொப்பி போட்டுக்கொண்டு இந்த விருந்துக்கு வராமல் இருக்கமாட்டார். அவரை நேருக்கு நேர் பிடிக்க வேறு இடமில்லை.

உள்ளே எங்கும் ஆரஞ்சு நிறம். சாஸேஜ் வாசனை, காபி ஆவி. தீயணைப்புத் தொண்டர்கள் சமைத்துக்கொண்டிருந்தார்கள். பெரிய தோசைக்கல் மாதிரியான இரும்புத் தட்டின் முன் மாரிட்டின் அண்ணன் ஆர்னே நின்றிருந்தான்.

"வந்துட்டாய்யா, வண்டுக்கும் ஓட்டுரிமை கேக்குற கட்சி!" என்றான். வரிசை முழுக்கச் சிரித்தது. "ரெண்டு போதுமா, மூணா?"

"பசிக்கலை."

"அப்ப நிச்சயம் ஏதோ கலாட்டா பண்ணத்தான் வந்திருக்கே."

கரண்டியைப் பிடித்திருந்த அவன் உள்ளங்கை இளஞ்சிவப்பாக இருந்தது. முந்தின நாள்தான் கடைசி வயலையும் விதைத்து முடித்திருந்தான். அந்தச் சாயம் சோப்புக்கு அசையாது. மாரிட் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். அவன் வயலில் வேட்டையாட மினியாபொலிஸ் நகரத்திலிருந்து வருடந்தோறும் பணம் கட்டி வரும் ஆட்கள் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். மோசமான வருடங்களில் ஆர்னேயின் நிலத்தைக் காப்பாற்றியது அவர்கள்தான். விஷம் விழுந்த வயலில் யார் வந்து பறவை சுட்டுச் சாப்பிடுவார்கள்?

பெர்ரிமன் மேசை மேசையாக வந்தார். ஆர்னேயின் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார். பிறகு ஒலிபெருக்கியில் நாலு வார்த்தை பேசிவிட்டு, "கேள்வி ஏதாவது?" என்று வழக்கம்போலக் கேட்டார்.

மாரிட் எழுந்தாள். "சார், விதை மசோதாவைத் வாபஸ் வாங்குவீங்களா, மாட்டீங்களா?"

"நல்ல கேள்விம்மா. விவசாயியோட கையைக் கட்டிப்போட வாஷிங்டன்ல நிறைய பேர் அலையுறாங்க. நான் அந்தக் கட்டை அவுக்கப் போனவன்." கைதட்டல். "பறவை சாகுது, பறவை சாகுதுன்னு சொல்றாங்க. எங்கே சாகுது? யாராவது காட்டட்டும், நான் பாக்குறேன்."

மாரிட் குனிந்து பெட்டியைத் தூக்கி மேசைமேல் வைத்தாள். கேண்டிஸ் பின்னாலிருந்து "வேண்டாம்" என்றது கேட்டது. திறப்பதற்குள் ஒரு கனத்த கை மூடியை அழுத்திக்கொண்டது. வேட்டை வார்டன் டுவைன் கோசிக். இன்னொரு கையில் பான்கேக் தட்டு.

"மணி என்ன ஆகுது, மாரிட்?"

"ஒம்பதரை."

"ஒம்பதரைக்குப் பெட்டி கனக்குதே."

"பத்து வரைக்கும் பொறுக்க முடியலையாக்கும்!" என்று யாரோ கத்த, மன்றமே சிரித்தது. கோசிக் சிரிக்கவில்லை. மூடியைத் தானே தூக்கினார். சிரிப்பு ஒவ்வொரு மேசையாக அடங்கியது.

"ஃபெசன்ட் இல்லையே," என்றார் ஒருவர் மெதுவாக.

கோசிக் தட்டைக் கீழே வைத்தார். "இதையெல்லாம் வெச்சிருக்கக் கூடாதுன்னு தெரியுமா உனக்கு?"

"இன்னைக்குத்தான் தெரியும்."

"எங்கே எடுத்தே?"

மாரிட் எத்தனையோ பதில்களைத் தயார் செய்திருந்தாள். இந்தக் கேள்வி வரும் என்று ஒருநாளும் நினைக்கவில்லை.

பெர்ரிமன் எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினார். "அடப் பாவமே. ஜன்னல் கண்ணாடியில மோதியிருக்கும். பூனை கடிச்சிருக்கும். இதை வெச்சுக்கிட்டு நம்ம விவசாயிங்க மேல பழி போடலாமா?"

"பூனை கடிச்சா ரத்தம் இருக்கும், சார்," என்றாள் மாரிட்.

"இதோ பாரும்மா," என்றார் கோசிக் தணிந்து. "இடத்தைச் சொல்லலைன்னா, நீ எடுத்தியா, நீயே கொன்னியான்னு எனக்குத் தெரியாது. அது வேற கேஸு. அதுக்குக் கோர்ட்டுக்குப் போகணும். சொல்லிடு."

"சொல்ல மாட்டேன்."

பான்கேக் தீயும் வாசனை வந்தது. ஆர்னே கரண்டியோடு பெட்டியருகே வந்து நின்றிருந்தான். ஒரு பறவையின் அலகில் இளஞ்சிவப்பு விதை ஒன்று ஒட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வடக்கு மூலையா?" என்று கேட்டான். தங்கையிடம் மட்டும் கேட்பதுபோலத் தாழ்ந்த குரலில்தான் கேட்டான். மன்றம் அவ்வளவு அமைதியாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

அவள் பெட்டியை மூடப் பார்த்தாள்.

"ஏய், உன்னைத்தான்டீ. மிஷின்ல விதை ஏத்துற இடமா?"

"நீ போய் அடுப்பைப் பாரு, ஆர்னே. தீயுது."

அவன் போகவில்லை. கையை ஏப்ரனில் துடைத்தான். சாயம் போகவில்லை. "என் வயல்தான், டுவைன். மூட்டை கிழிஞ்சு கொட்டிடுச்சு. சிந்தினா மண்ணைப் போட்டு மூடணும்னு மூட்டையிலயே போட்டிருக்கு. மழை தூறிச்சு. அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

ஜன்னலோர மேசையில் ஒருவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ முணுமுணுத்தார். மாரிட் அதைப் பார்த்தாள். ஆர்னேவும் பார்த்தான்.

"நேர்மையான மனுஷன்," என்று பெர்ரிமன் அவன் தோளைத் தட்டினார். "விபத்து யாருக்கும் நடக்கும்."

"ஒண்ணு கேக்கணும், சார். மருந்து பூசாத விதை குடுன்னு டீலர்கிட்ட கேட்டேன். எனக்கு அந்த மருந்து தேவையுமில்லை. இந்தப் பக்கத்துலயே கிடைக்காதுன்னுட்டான். உங்க மசோதா வந்தா அது கிடைக்குமா, கிடைக்காதா?"

"ஆர்னே, அது கொஞ்சம் சிக்கலான சமாச்சாரம். நாம தனியா உக்காந்து..."

"இவ கேட்டப்பவும் வேற எதையோதான் சொன்னீங்க. கிடைக்குமா, கிடைக்காதா?"

பெர்ரிமன் தொப்பியைச் சரிசெய்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "பத்தாகப் போகுது. ஃபெசன்ட் சேவலுங்க நமக்காகக் காத்திருக்காது, இல்லையா?" என்றார். ஒன்றிரண்டு பேர்தான் சிரித்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகைக்காரி கேமராவை இறக்கவில்லை. அவர் வாசலைத் தாண்டும்வரை அது அவர் முதுகைத் தொடர்ந்தது.

கோசிக் அபராதச் சீட்டு எழுதி மாரிட்டின் கையில் கொடுத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கினார். "இது இனிமே ஆதாரம். மாநில ஆய்வகத்துக்குப் போகும். எதனால செத்துச்சுன்னு எழுதித் தந்தே ஆகணும்."

கேண்டிஸ் அவள் கையைப் பிடித்து இறுக்கினாள். "கேட்டியா? ரெண்டு வருஷமா கெஞ்சியும் அந்த ஆய்வகத்துல ஒரு பறவையைக்கூட வாங்கிக்க மாட்டேன்னாங்க!"

மாரிட்டால் சந்தோஷப்பட முடியவில்லை. மினியாபொலிஸ் ஆட்கள் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவர் ஆர்னேயின் கையைக் குலுக்கினார். அடுத்த வருடம் பார்ப்போம் என்று வழக்கம்போலச் சொல்லவில்லை.

தூரத்து வயல்களில் வெடிச்சத்தம் தொடங்கியபோது, ஆர்னேயின் நிலம் மட்டும் அமைதியாக இருந்தது. அண்ணனும் தங்கையும் வடக்கு மூலையில் மண்வெட்டியோடு நின்றார்கள்.

"பாத்த அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாம்," என்றான் ஆர்னே.

"சொன்னா நீ சிரிச்சிருப்பே."

அவன் யோசித்தான். "சிரிச்சிருப்பேன்." ஒரு வெட்டு மண்ணை விதைமேல் தள்ளினான். "அப்புறம் வந்து மூடியிருப்பேன்."

மாரிட்டுக்கு அது உண்மையா என்று தெரியவில்லை. உண்மையாக இருந்துவிடுமோ என்றுதான் பயமாக இருந்தது. "அவங்க அடுத்த வருஷம் வருவாங்களா?"

"தெரியலை."

"ஓட்டு யாருக்குப் போடப் போறே?"

"இன்னைக்கு நீ கேட்டதெல்லாம் போதும்டீ. மண்ணை வெட்டு."

வேலிக்கம்பத்தில் ஒரு வானம்பாடி வந்து உட்கார்ந்தது. கழுத்தைச் சாய்த்து, இன்னும் மூடாத விதையைப் பார்த்தது. ஆர்னே குனிந்து ஒரு மண்கட்டியை எடுத்துப் பறவையை விரட்ட வீசினான். பறவை எழுந்து பறந்தது. கொஞ்ச தூரம் போய், அடுத்த கம்பத்தில் இறங்கியது.

அவன் இன்னொரு கட்டியை எடுத்தான்.