கடைசி மூன்று கஜம்

எமில் ஹாவ்லிக்கின் கீழ் நான்கு வருடம் அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரனாக இருந்தேன். பிறகு பதினோரு வருடம் அவருக்கு உதவிப் பயிற்சியாளராக வேலை பார்த்தேன். நெப்ராஸ்காவில் ஆஷ்பர்ன் கல்லூரி என்று ஒன்று இருப்பது பக்கத்து மாநிலத்துக்காரர்களுக்குக்கூடத் தெரியாது. ஆனால் இலையுதிர் காலத்துச் சனிக்கிழமைகளில் எங்கள் ஊர்க் கடைகள் மதியமே அடைத்துவிடும். ஊர் மொத்தமும் மைதானத்தில் இருக்கும்.

கோச் என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிட்டோம். பெயர் சொல்லிக் கூப்பிட்டது அவருடைய மனைவி ஆர்லீன் ஒருத்திதான். அவளும் ஐந்து வருடத்துக்கு முன் அரிசோனாவில் இருக்கும் தங்கையிடம் போய்விட்டாள். சண்டை எதுவும் இல்லை. "ஆகஸ்டுல இருந்து டிசம்பர் வரைக்கும் நான் விதவை. மிச்ச மாசத்துல வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்துட்டுப் போறார்" என்று என் மனைவி ஜோலீனிடம் சிரித்துக்கொண்டே சொன்னாளாம். அதன் பிறகு கோச் காலை ஐந்தரைக்கே அலுவலகத்துக்கு வந்துவிடுவார். வீட்டில் விளக்குப் போட்டால் தன் நிழலைத் தவிர வேறு ஒன்றும் அசைவதில்லை என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். வேடிக்கையாகச் சொல்வது போலத்தான் சொன்னார்.

அந்த வருடம் எங்கள் அணி நன்றாக ஆடியது. கடைசி ஆட்டம் லோரிங் கல்லூரியோடு. ஜெயித்தால் முப்பத்தோரு வருடத்துக்குப் பிறகு கோப்பை எங்களுக்கு. நவம்பர் குளிரில் வாயைத் திறந்தால் புகை வந்தது. ஆட்டம் முடிய முப்பத்தெட்டு வினாடி இருக்கும்போது இருபத்தேழுக்கு இருபது என்று பின்தங்கியிருந்தோம். அப்போது எங்கள் டேரியன் புக்கர் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு எல்லைக்கோட்டைத் தாண்டி விழுந்தான். ஆறு புள்ளி. இருபத்தேழுக்கு இருபத்தாறு.

அதற்கு மேல் ஒரு வாய்ப்பு உண்டு. பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஒரு புள்ளி. எங்கள் அணியில் உதைக்கும் பையன் அந்த வருடம் ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை. உதைத்தால் சமன், கூடுதல் நேரம். உதைக்காமல், கோட்டுக்கு மூன்று கஜம் முன்னாலிருந்து இன்னொரு முறை பந்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனால் இரண்டு புள்ளி. போனால் கோப்பை. போகாவிட்டால் தோல்வி.

நான் மேலே, கண்ணாடி அறையில் இருந்தேன். எதிரணி எப்படி நிற்கிறது என்று பார்த்து, காதில் மாட்டிய கருவி வழியாக மைதானத்து ஓரத்தில் நிற்கும் கோச்சிடம் சொல்வது என் வேலை. எங்கள் முன்வரிசையில் இரண்டு பேர் அடிபட்டு வெளியே உட்கார்ந்திருந்தார்கள். மிச்சப் பேர் நிற்கவே முடியாமல் முட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"கர்ட், மேலயிருந்து என்ன தெரியுது?" என்று கோச்சின் குரல் கேட்டது.

"இடது பக்கம் காலியாக் கெடக்கு கோச். உதைக்க வேணாம். ரெண்டுக்கே போயிடுவோம். புக்கர்கிட்ட குடுங்க."

கூட்டத்தின் இரைச்சல் மட்டும் அவருடைய கருவி வழியாக வந்தது.

"நிச்சயமாவாடா?"

"நிச்சயமா கோச்."

உதைக்கும் பையன் ஓடி வந்துகொண்டிருந்தான். கோச் கையைக் காட்டி அவனைத் திருப்பி அனுப்பினார். மைதானம் ஒரு நொடி அடங்கிப்போய், பிறகு கத்தியது. லோரிங் பயிற்சியாளர் உடனே ஆட்டத்தை நிறுத்தித் தன் ஆட்களைக் கூப்பிட்டார்.

அவர்கள் திரும்பி வந்து நின்றபோது, நாற்பத்து நான்காம் எண் போட்ட தடியன் ஒருவன் நடுவிலிருந்து இடது பக்கத்துக்கு நகர்ந்திருந்தான். நான் பார்த்தேன். காலியாக இருந்த இடம் இப்போது காலியாக இல்லை. அப்படி ஆட்டத்தை நிறுத்த எங்களிடமும் இன்னும் ஒரு டைம்-அவுட் மிச்சம் இருந்தது. பொத்தானை அழுத்தி "நிறுத்துங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு நாலைந்து வினாடி இருந்தது. கட்டைவிரல் பொத்தான் மேல்தான் இருந்தது. நிச்சயம் என்று சொன்ன வாய்க்கு உடனே இல்லை என்று சொல்ல வரவில்லை. வேறு காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

புக்கர் இடது பக்கம் ஓடினான். நாற்பத்து நான்கு அவனை இடுப்பில் பிடித்தான். கோட்டுக்கும் பந்துக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது. மிச்ச வினாடிகளை லோரிங்காரர்கள் பந்தோடு ஓடாமல், அங்கேயே முழங்காலிட்டு முழங்காலிட்டுக் கரைத்தார்கள்.

பத்திரிகைக்காரர்கள் ஒரு வகுப்பறையில் கூடியிருந்தார்கள். நான் கதவோரம் நின்றேன்.

"சமன் பண்ணியிருக்கலாமே கோச். யாரோட யோசனை இது?"

"என்னோடது."

"மேலயிருந்து ஏதாவது சொன்னாங்களா?"

"மேல இருக்கறவங்க கண்ணுக்குத் தெரியறதச் சொல்வாங்க. முடிவு பண்றது நான். பண்ணேன். தோத்துட்டோம். வேற கேள்வி இருக்கா?"

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் தேவாலயம் முடிந்து டாட்டியின் காபிக் கடைக்குப் போனேன். ஜன்னலோரத்து நீள மேசையில் கோச்சோடு எப்போதும் ஏழெட்டு விவசாயிகள் இருப்பார்கள். கொலாச்சி ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டு முந்தைய நாள் ஆட்டத்தை மறுபடி ஆடுவார்கள். அன்று அந்த மேசையில் அவர் மட்டும் இருந்தார். மற்றவர்கள் உள்ளே சின்ன மேசைகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அவரை வையவில்லை. வைதிருந்தால்கூடத் தேவலை. கடைசியில் ஒரு கிழவர் வெளியே போகும்போது நின்று, "ஒரு புள்ளி சும்மா கெடந்துது, எமில். குனிஞ்சு எடுத்திருக்கலாம்" என்றார். ஊர்க்காரர் ஒருவர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அன்றுதான் கேட்டேன்.

"ஆமா வால்ட்டர், எடுத்திருக்கலாம்" என்றார் கோச்.

நான் அவர் எதிரே போய் உட்கார்ந்திருக்க வேண்டும். கையில் காபியோடு காருக்குப் போனேன்.

செவ்வாய்க்கிழமை, விளையாட்டுத் துறையைக் கவனித்துவந்த ராண்டி ஃபிட்ச் என்னைக் கூப்பிட்டார். "பணம் குடுக்கற பழைய மாணவர்கள்லாம் கொதிச்சுப்போய் இருக்காங்க, கர்ட். உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்த முடிவுல உனக்குப் பங்கு உண்டா?"

"கோச்தான் முடிவு பண்ணார்" என்றேன்.

அது பொய் இல்லை. அதனாலேயே சொல்வதற்கு எளிதாக இருந்தது.

வியாழக்கிழமை அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இருபத்திரண்டு வருடம். திங்கட்கிழமை அந்த இடத்துக்கு என்னைக் கேட்டார்கள், ஒப்புக்கொண்டேன். அவர் அட்டைப்பெட்டிகளில் சாமானை அடுக்கிக்கொண்டிருந்தபோது நான் வாசலில் நின்றேன்.

"அந்தக் கீழ் டிராயர் சிக்கும்டா. கொஞ்சம் தூக்கி இழுக்கணும்" என்றார்.

"சரி கோச்."

"ஹீட்டர் பக்கத்துல பேப்பர் வெக்காத."

அவ்வளவுதான். பதினைந்து வருடப் பழக்கம் அந்த இரண்டு வாக்கியத்தில் முடிந்தது. பெட்டியைத் தூக்க உதவட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார். ஆறு பெட்டிகள். ஆறு தடவை நடந்தார். நான் ஒவ்வொரு தடவையும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வேறு கல்லூரி எதுவும் அவரைக் கூப்பிடவில்லை. ஐம்பத்தெட்டு வயது, பெயரைச் சொன்னதும் எல்லோருக்கும் அந்த ஒரு ஆட்டம்தான் ஞாபகம் வந்தது. வசந்தத்தில் வீட்டை விற்றுவிட்டு மேற்கே போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அங்கே ஒரு தானியக் கிடங்கில் லாரி எடை போடுகிறாராம்.

தலைமைப் பயிற்சியாளராக எனக்கு முதல் வருடம். நான் உள்ளே நுழைந்தால் உதவியாளர்களின் பேச்சு நின்றுவிடும். நேற்றுவரை அவர்களோடு உட்கார்ந்து கோச்சைக் கிண்டல் செய்தவன் நான். இப்போது அந்தச் சிரிப்பு சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது. ஆட்டத்தின்போது மேலேயிருந்து ஒரு குரல் காதில் வரும். நிச்சயமா என்று நான் கேட்டதே இல்லை. கேட்கப் பயமாக இருந்தது.

அக்டோபரில் எங்களுக்கு ஆட்டம் இல்லாத ஒரு சனிக்கிழமை, ஜோலீனிடம் மட்டும் சொல்லிவிட்டு நான்கு மணி நேரம் காரோட்டிப் போனேன். சோள அறுவடை முழு மூச்சில் நடந்துகொண்டிருந்தது. கிடங்குக்கு முன்னால் லாரிகள் வரிசையாக நின்றன. எடை மேடைக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகையில், முகமெல்லாம் சோளத் தூசியோடு கோச் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார்.

"பாருடா, யாரு வந்திருக்கறதுன்னு" என்றார். எழுந்திருக்கவில்லை. ஆனால் காலால் ஒரு முக்காலியை என் பக்கம் தள்ளினார்.

லாரிகளுக்கு நடுவே கிடைத்த நேரத்தில் தன் சாண்ட்விச்சில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தார். சோளத்தில் ஈரம் எவ்வளவு, மழை வருமா என்று பேசினார். அணியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"கோச், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லித் தொலை. இவ்வளவு தூரம் வந்தது என் சாண்ட்விச்சத் திங்கறதுக்கா?"

"அவங்க டைம்-அவுட் முடிச்சுட்டு வந்தப்ப, நாப்பத்தி நாலு இடது பக்கம் நகர்ந்துட்டான். நான் பாத்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீங்க நிறுத்தியிருப்பீங்க. சொல்லல. உங்க வேலை போனது என்னாலதான்."

அவர் சாண்ட்விச்சைக் காகிதத்தில் வைத்தார். ஒரு லாரி மேடையில் ஏறியது. எடையைக் குறித்துச் சீட்டைக் கிழித்து ஓட்டுநரிடம் கொடுத்து அனுப்பிவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தார்.

"நானும் பாத்தேன்டா."

எனக்குப் புரியவில்லை.

"நீ மேல கண்ணாடிக்குப் பின்னால இருந்த. நான் கீழ, அவன் மூஞ்சி தெரியற தூரத்துல நின்னேன். அவன் நகர்ந்தது எனக்குத் தெரியாமப் போகுமா?"

"அப்புறம் ஏன் நிறுத்தல?"

"அதத்தான் பதினோரு மாசமா என்னையே கேட்டுட்டிருக்கேன்." கையில் ஒட்டிய கடுகுச் சாந்தைக் காகிதத்தில் துடைத்தார். "ஒரு நாள், புக்கர் எப்படியும் முட்டிக்கிட்டுப் போயிடுவான்னு நம்பினேன்னு தோணுது. இன்னொரு நாள், கூடுதல் நேரம் ஆட எனக்கே தெம்பில்ல, எப்படியாவது முடிஞ்சாச் சரின்னு விட்டுட்டேனோன்னு தோணுது. எது நெசம்னு தெரியல. புக்கருக்கு மட்டும் ஒரு கடுதாசி போட்டேன். நீ தோக்கல, சுவருன்னு தெரிஞ்சே உன்ன மோதவிட்டது நான்னு எழுதினேன்."

"இத முன்னாடியே என்கிட்ட சொல்லியிருக்கலாமே கோச்."

"நீ எப்பக் கேட்ட?"

குரலில் கோபம் இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என் தோளில் கை வைக்கவில்லை. "மன்னிப்புக் கேக்கத்தான வந்த? அதுக்கு இங்க எதுவும் இல்ல. கெளம்பு, இருட்டறதுக்குள்ள பாதி தூரமாவது போகணும்" என்றார். அடுத்த லாரி வந்தது. "என்ன பெரியவரே, இன்னிக்குச் சாப்பிட்டீங்களா?" என்று ஓட்டுநர் மேலேயிருந்து கத்தினான். அவர் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார். நான் கிளம்பியதை அவர் பார்த்தாரா என்று தெரியாது.

பதினோரு மாதமாக அதை என்னுடைய குற்றம் என்று சுமந்தேன். அதை யாரிடமும் சொல்ல முடியாவிட்டாலும் அதில் நானும் அவரும் இருந்தோம். இப்போது அவருடையது அவரிடமும் என்னுடையது என்னிடமும் இருந்தது. வீடு வரை ரேடியோவைப் போடவில்லை.

இரண்டு வருடம் கழித்து, அணிக்குப் புதுப் பையன்களைத் தேடி அந்தப் பக்கம் போனவன் மறுபடி கிடங்கில் இறங்கினேன். கொட்டகையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"எமிலா? போன குளிர்காலத்தோட நின்னுட்டார். எங்க போனார்னு தெரியலயே" என்றாள். "நல்ல மனுஷர். அதிகமாப் பேச மாட்டார். முன்னாடி எங்கயோ கணக்கு வாத்தியாரா இருந்தாராம், இல்ல? நீங்க அவரோட மாணவரா?"

"ஆமா" என்றேன்.