கடைசி கிராதோ மரம்

காலை ஐந்து பத்து. பௌர்ணமி நிலா அக்கரை மரங்களுக்கு மேல் இன்னும் நின்றது. வெயில் ஏறுமுன் வெட்ட வேண்டும். ஏறினால் பால் குறையும்.

கிராதோ மரத்தின் சிவப்புப் பால் புண்ணை ஆற்றும், வயிற்றுப்போக்கை நிறுத்தும் என்பது ஊயாகா ஆற்றங்கரையில் எல்லோருக்கும் தெரியும். பௌர்ணமியில் வெட்டினால் பால் அதிகம் என்பதும் தெரியும். பல்கலைக்கழகத்து வேளாண் இன்ஜினியர் மாரிலூஸுக்கு அதை அளந்து பார்க்க வேண்டியிருந்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் விவசாயி வெனான்சியோவின் நிலத்தில் நாற்பது கன்றுகள் நட்டாள். பாதி பௌர்ணமியில் வெட்ட, பாதி அமாவாசையில் வெட்ட.

அளக்க வருவாள், வெட்ட வருவாள். வேறு யாரும் அந்தத் துறையில் படகை நிறுத்துவதில்லை. இன்று நாற்பதாவது மரம். இனி அவளுக்கு இங்கே வேலை இல்லை.

“கோடரி தீட்டலயா, தோன் வெனான்சியோ?” மாரிலூஸ் எப்போதும்போல மரியாதையாகவே கேட்டாள்.

“தீட்டினேன். பனியில மழுங்கிடுச்சு போல.”

படகோட்டி சிரித்தான். “பனியில மழுங்குற கோடரி! இவர் காப்பி ஊத்தியே நம்மள மத்தியானம் வரைக்கும் உக்கார வச்சிடுவார், இன்ஜினியரம்மா. எனக்கு இது நாலாவது.”

“நீ கேட்டதாலதான்டா ஊத்தினேன்.”

மரம் விழுந்தது. பட்டையில் வளையம் வளையமாகக் கீறினார்கள். பால் ரத்தம்போல் இறங்கியது. மாரிலூஸ் ஒரு துளியை உள்ளங்கையில் தேய்த்தாள். வெள்ளையாக நுரைத்தது; நல்ல பால். இரண்டு லிட்டர் எழுநூறு என்று எழுதிக்கொண்டாள்.

“பௌர்ணமி ஜெயிச்சுதா?”

“இன்னும் கணக்குப் போடணும். முடிவு வந்ததும் போன் பண்றேன்.”

“இங்க டவர் இல்லயே.”

“ஆமால்ல. மறந்துட்டேன்.”

விழுந்த மரத்திலிருந்து 40 என்ற தகட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள்.

துறைக்குப் போகும் வழியில் ஓர் இளம் கிராதோ நின்றது. போன மழைக்காலத்தில் வெனான்சியோ நட்டது. இப்போதே இரண்டு ஆள் உயரம். நெஞ்சுயரத்தில், அவள் கட்டுவதுபோலவே தளர்த்திக் கட்டிய கம்பியில், சார்டின் டப்பாவை வெட்டிய தகடு. ஆணியால் குத்திய எண்: 41.

மாரிலூஸ் பால் கேனைப் பார்த்தபடி அதைக் கடந்து போனாள். படகில் ஏறினாள். படகோட்டி மோட்டார் கயிற்றை இழுத்தான்.

வெனான்சியோ மரத்தின் பக்கத்தில் போய் நின்றார். தகட்டைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

“இன்ஜினியரம்மா! இன்னொண்ணு இருக்கு, அளக்காமப் போறீங்களே?”