தில்லையம்பலம் பிரபுவின் ஹெரியட்

1989 மார்கழியில் எங்கள் வாடகை வீட்டின் சொந்தக்காரர் தில்லையம்பலம் பிரபுவானார். யாரும் அவரைப் பிரபுவாக்கவில்லை, ஏலத்தில் எடுத்தார். எசெக்ஸில் ஏதோவொரு கிராமத்தின் பழைய ஆங்கிலேயப் பண்ணைப் பிரபு பட்டம். நிலம் ஒரு சாணும் கிடையாது, பெயர் மட்டுந்தான். சான்றிதழைக் கண்ணாடி போட்டு, நாங்கள் குடியிருந்த மனோர் பார்க் வீட்டு நடையில், பிள்ளையாருக்கு ஒரு முழம் மேலே மாட்டினார்.

நான் கல்லூரியில் சட்டம் படிப்பதால் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இந்தப் பட்டத்துக்கு என்னென்ன உரிமை இருக்கு?"

"இப்ப ஒண்டுமில்லை அண்ணை. முந்தி ஹெரியட் எண்டு ஒண்டு இருந்தது. குடியிருக்கிறவன் செத்தால் அவன்ர திறமான மாடு பிரபுவுக்கு. மாடில்லாட்டில் வீட்டில இருக்கிற திறமான சாமான்."

பிரபு தேநீரைக் கீழே வைத்தார். "ஏனாம்?"

"ஹெரியட் எண்டால் ஆதியில போர்த் தளவாடம். பிரபு தன்ர ஆளுக்குக் குதிரையும் வாளும் குடுப்பார். ஆள் செத்தால் அது திரும்பி வரவேணும். பிறகு குடுக்கிறதை விட்டிட்டினம், எடுக்கிறதை விடேல்லை. இந்த நூற்றாண்டு இருபதுகளில சட்டம் போட்டு முடிச்சாச்சு."

"சட்டம் முடிஞ்சால் என்ன, சாவு முடியேல்லைத்தானே."

நான் சிரித்தேன். அவர் சிரிக்காததால் பாதியில் நிறுத்தினேன்.

மேல்மாடியில் என் பக்கத்து அறை அருட்பிரகாசம் அண்ணையுடையது. நெஞ்சு பலவீனம். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராததால் யாரிடமும் போய் முறையிடப் பயந்தவர். அவரிடமிருந்த ஒரே திறமான பொருள், வாசலில் நின்ற நீல டட்சன் கார். அதைத்தான் மினிகேப்பாக, வாடகைக்கு ஓட்டினார். தனக்கு ஏதும் நடந்தால் மனைவி மரியமலர் பிழைக்க வேண்டுமென்று அவருக்கும் ஓட்டப் பழக்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு பிரபு வந்து அந்தக் காரைக் கழுவினார். அவர் தன் காரையே கழுவியதில்லை.

"அண்ணை, உது என்ர கார்!" என்று ஜன்னலால் கத்தினார் அருட்பிரகாசம்.

"ஓம், ஓம். இப்ப உன்ரதான். துருப் பிடிக்க விடாதை."

அந்தக் கிழமையே மேல்மாடி ஹீட்டர் நின்றது. ஆளை அனுப்புவதாகப் பிரபு சொன்னார். தை மாதம் வந்தது, ஆள் வரவில்லை. பக்கத்து அறை இருமல் சுவரைத் தாண்டி என் கட்டிலில் வந்து உட்கார்ந்தது.

ஒரு மாலை பிரபு தடித்த கம்பளிக் கோட்டோடு படியேறினார். நானும் பின்னால் போனேன்.

"பிடி, பிரகாசம். நான் குடுக்கிறன்." என்னைத் திரும்பிப் பார்த்தார். "முதல்ல குடுக்கவேணும், என்ன தம்பி?"

மரியமலர் எழுந்தார். "வாங்காதேங்கோ. ஹீட்டரைத் திருத்தச் சொல்லுங்கோ."

அந்த வழக்கத்தைச் சட்டம் ஒழித்துவிட்டதை மறுபடி சொன்னேன், ஆண்டோடு சொன்னேன். அந்தக் குளிரில் வாயிலிருந்து ஆவிதான் வந்தது.

அருட்பிரகாசம் மனைவியைப் பார்த்தார், இருமினார். இருமி முடித்தபோது அவருடைய ஒரு கை ஏற்கெனவே கோட்டுக்குள் இருந்தது. மற்றக் கையைப் பிரபுவே நுழைத்துவிட்டு, கழுத்துவரை பொத்தான்களைப் பூட்டினார்.

"அளவாயிருக்கு."

பிறகு மரியமலர் கையிலிருந்த கார்ச் சாவியைப் பார்த்தார்.

"பிள்ளை, காரின்ர மற்றத் திறப்பு எங்க வைக்கிறனீங்கள்?"