மாமனார் பங்கு

கல்யாணமாகி இரண்டு வருஷம். மாமனார் ஷிவாச்சி எங்கள் வீட்டு வாசலை மிதித்ததே இல்லை. இத்தனைக்கும் அவர் வீடு காகமேகா சந்தையைத் தாண்டி கூப்பிடு தூரம். டவுனில் வளர்ந்த என்னை அவருக்குப் பிடிக்கவில்லை என்றுதான் நினைத்தேன். நினைத்து நினைத்து அழுதும் இருக்கிறேன்.

அவர் வருவதாகச் சொல்லியனுப்பியதும் வீட்டிலிருந்த கொழுத்த சேவலை அடித்தேன். கேழ்வரகுக் களி கிண்டினேன். கீரையில் பால் விட்டு மசித்தேன். குழம்பு கொதித்ததும் குளிக்கப் போனேன். அதுதான் தப்பு.

திரும்பி வந்தால் என் புருஷன் லிசுட்சா அடுப்படியில் நின்று எதையோ மென்றுகொண்டிருக்கிறான்.

"என்னத்த திங்கிற?"

"இரைப்பை. எனக்குத்தானே எடுத்து வெப்ப?"

"அட பாவி! இன்னிக்கு உங்கப்பா வராருய்யா!"

மெல்லுவது நின்றது. முகம் வெளுத்துவிட்டது. எங்கள் வழக்கப்படி கோழியின் இரைப்பை வீட்டுத் தலைவனுக்கு; மற்ற நாளில் அது அவனுக்குத்தான். அப்பன் வந்து உட்கார்ந்தால் அது அப்பனுக்கு. அதை மகன் தின்றால், இனி நீ பெரியவன் இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி.

"துப்பவா?" என்றான், மண்டு.

மாமனார் தன் தம்பி லுவெம்பேயோடு வந்தார். அந்தத் தம்பிக்காரர் வாயில் அவல் கிடைத்தால் ஊரே மெல்லும். கிண்ணத்தை வைத்ததும் கரண்டியால் துழாவினார்.

"அண்ணே, இரைப்பையக் காணோமே! பய பெரிய மனுஷன் ஆயிட்டானா? இல்ல, டவுன்காரப் பொண்ணுக்கு யாரும் சொல்லித் தரலயா?"

லிசுட்சா களியையே பார்த்துக்கொண்டிருந்தான். மாமனார் என்னைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், ஒரு துண்டு களியைக் குழம்பில் தோய்த்தார்.

"நான்தான்டா அவனத் திங்கச் சொன்னேன். அவன் வீடு, அவன் அடுப்பு. நீ சாப்பிடு."

லுவெம்பே கரண்டியை வைத்துவிட்டுக் களியைப் பிட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சாப்பிட்டு முடித்ததும் கை கழுவ வெந்நீர்ச் செம்போடு குனிந்தேன். மாமனார் குரலைத் தாழ்த்தினார்.

"இமாலி, எனக்குக் கடவாப் பல்லு ஒண்ணுகூட இல்லம்மா. போற வீட்டுல எல்லாம் பெரிய மரியாதையா அந்த இரைப்பையக் கொண்டாந்து வெக்கிறாங்க. முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல. வேணாம்னா, கெழவன் ஓஞ்சுட்டான்னு என் தம்பியே தண்டோரா போடுவான்."

"அதான் இங்க வரவே இல்லயா, மாமா?"

"பின்ன? புது மருமக மனசு நோகுமேன்னுதான். உன் கைச் சமையலப் பத்திக் கேட்டு நாக்கு ஊறாமயா இருந்துச்சு? இன்னிக்குப் பொறுக்க முடியல, வந்துட்டேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. பாதித் தண்ணீரை அவர் காலில் ஊற்றிவிட்டேன்.

"அடுத்த வாரமும் வாங்க, மாமா."

"வரேன். ஆனா ஒண்ணு, அவன முன்னாடியே தின்னுடச் சொல்லு."