வசந்தியின் கோபம்

பாரிவாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசகர் வட்டத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை பேச வேண்டிய முறை தேவிப்பிரியாவுடையது. நாவலைத் தேர்ந்தெடுத்தது மற்றவர்கள். அதில் மனைவி வசந்தியை இழந்த ஒருவன் சாந்தாவை மறுமணம் செய்துகொள்கிறான். செத்துப்போன வசந்தி ஆவியாக அதே வீட்டுக்குத் திரும்புகிறாள். படிக்கப் படிக்க தேவிப்பிரியாவுக்குத் தன் வீடே நினைவுக்கு வந்தது. அவளும் ராகவனுக்கு இரண்டாம் தாரம்தான். முதல் மனைவி கோமளா காய்ச்சலில் போனவள். "புதுசா வந்தவளுக்குச் சங்கடமா இருக்கக் கூடாது" என்று அவள் படத்தையும் ராகவன் கழற்றிவிட்டிருந்தான். பிளஸ் டூ படிக்கும் மகள் நிவேதிதாவும் அம்மா பேச்சையே எடுப்பதில்லை.

"இந்தக் கதையோட கரு பொறாமை," என்று ஆரம்பித்தாள் தேவிப்பிரியா. "தன் இடத்துல இன்னொருத்தியைப் பார்க்க வசந்திக்குப் பொறுக்கல. சாந்தா பாவம், வந்து மாட்டிக்கிட்டவ."

"என்ன பாவம்? வசதியைப் பார்த்துதானே கழுத்தை நீட்டினா?" என்றார் மூன்றாவது மாடி கங்காதரன். தேவிப்பிரியாவுக்கு முகம் சுட்டது.

குடியிருப்பு வருமுன் அங்கே நெல் போட்டவர் உத்தமன். அவர் சிரித்தார். "பேய்க்கு இன்னா சார் நியாயம் கீது? வேப்பிலை அடிச்சா ஓடிப்பூடும். எழுதுனவரு கதைய சும்மா இஸ்துகினு போறாரு."

எல்லோரும் சிரித்தார்கள். கடைசி வரிசையில் போனை நோண்டிக்கொண்டிருந்த நிவேதிதா நிமிர்ந்தாள்.

"வசந்தி சாந்தாவை ஒரு தடவைகூடத் தொடல, அங்கிள். புருஷன் வீட்ல இருக்கும்போது மட்டும்தான் வருவா. அவ புடவையெல்லாம் தூக்கிப் போட்டாரு. பேரைச் சொல்றதையே நிறுத்திட்டாரு. அந்தக் கோபம்தான்." அவள் போனை மடியில் கவிழ்த்தாள். "வசந்திக்கு மீனுன்னு ஒரு பொண்ணு இருக்கா. அவ பேயைப் பார்த்துப் பயப்படவே மாட்டா. அவளைப் பத்தி யாருமே பேசல."

தேவிப்பிரியா நாவலை இரண்டு முறை படித்திருந்தாள். இரண்டு முறையும் சாந்தாவை மட்டுமே பார்த்திருந்தாள்.

மதியம் சாப்பிடும்போது கேட்டேவிட்டாள். "கோமளா எந்தக் குழம்பு நல்லா வைப்பாங்க?"

ராகவனின் கை தட்டிலேயே நின்றது. "இப்ப எதுக்கு அது?"

"தெரிஞ்சுக்கணும்."

அவன் எச்சில் கையோடு எழுந்து பால்கனிக்குப் போய் நின்றான். கெடுத்துவிட்டோமோ என்று தேவிப்பிரியாவுக்குப் பயம் வந்தது.

"கருவாட்டுக் குழம்பு, சித்தி," என்றாள் நிவேதிதா மெதுவாக.

"எங்க நல்லா வைப்பா? உப்பு தூக்கிடும்," என்றது பால்கனியிலிருந்து ஒரு குரல்.

"அன்னிக்கு முழுக்கத் தண்ணியாக் குடிப்போம்!" நிவேதிதா சிரித்துவிட்டாள். ராகவன் கண்ணைத் துடைத்தபடி திரும்பி வந்து உட்கார்ந்தான். நசரத்பேட்டை வாடகை வீட்டில் கோமளா பூனையிடம் கருவாட்டைப் பறிகொடுத்த கதையை அவன் சொல்ல, மகள் இடைமறித்துத் திருத்தினாள்.

இருவரும் சிரிக்க, தேவிப்பிரியா விருந்தாளிபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். நெஞ்சில் சுருக்கென்று ஏதோ தைத்தது. காலையில் தான் வசந்தியின் தலையில் கட்டிய பொறாமை இதுதான் என்று அவளுக்குப் புரிந்தது. எழுந்து அடுப்படிக்குப் போய்விடலாம் என்றிருந்தது. போகவில்லை. நாற்காலியை மேசைக்குப் பக்கமாக இழுத்துக்கொண்டாள்.

"அப்புறம் அந்தப் பூனை என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.